கருத்தண்ணையும் உச்ச நீதிமன்றமும்

லண்டனில் சனநாயகத்தை முழுமனதோடு நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. கிங்ஸ்பரியில், கூரையில் எல் போட் பொருத்திய ஒரு சின்னச் சிவப்புக் காருக்குள் இருந்தார். தொழில் கார் ஓட்டப் பழக்குவது. ஆனால் அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர்மூச்சு, பிறரிடம் கருத்துக் கேட்பது. அதனால் அவரைக் கருத்தண்ணை என்றே எல்லோரும் சொன்னோம். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் ஆரம்பத்தில் நான் அவரிடம் கார் பழகப் போனேன். முதல் நாள் முதல் கேள்வி, "தம்பி, கண் நல்லாத் தெரியுமோ?" என்று இருக்கும் என நினைத்தேன். அவர் கேட்டது, "தம்பி, புட்டுக்குச் சம்பலோ, கறியோ? உம்மடை கருத்து என்ன?" என்று. நான் சம்பல் என்றேன். அவர் டாஷ்போர்ட்டில் கிடந்த ஒரு டொபி இனிப்பை எடுத்து இடது சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "சரி, கிளச்சை அமத்தும்" என்றார்.

அந்த டொபிகள்தான் அவருடைய வாக்குச்சீட்டுகள். ஒரு பக்கத்து வாக்கு ஒரு பைக்குள், மறுபக்கத்து வாக்கு மற்றப் பைக்குள். முடிவு வெளியாகும் வரை ஒன்றைக்கூடத் தொடமாட்டார். வெளியான பிறகு, தோற்ற பக்கத்தை உரித்துச் சாப்பிட்டுவிடுவார். பல நாடுகளில் நடப்பதும் இதுதான், ஆனால் அங்கே டொபி இல்லை.

அவர் கேட்காத விஷயம் இல்லை. குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கான விசாரணைக்குப் போனவர்கள் எல்லாரும் நடுங்கிக்கொண்டு போய் நடுங்கிக்கொண்டு வந்தவர்கள். இவர் விசாரணை முடிந்ததும், "உங்களுக்கு இந்த வேலை விருப்பமோ?" என்று அதிகாரியைக் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யன்னலைப் பார்த்தாராம். கருத்தண்ணை சொல்வார்: "பாவம், அந்த மனுசனை முந்தி ஒருத்தரும் கேக்கேல்லைப் போலை." விசா கிடைத்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்று அவர் நம்பினார். அவருடைய சட்டத்தரணி அப்படி நம்பவில்லை.

கலியாணமும் இதனால்தான் குழம்பியது. வட லண்டன் எட்மண்டனில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. பெண்ணுக்கு இவரைப் பிடித்திருந்தது, இவருக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இவர் கிங்ஸ்பரி முழுவதும் கருத்துக் கேட்கத் தொடங்கினார். பெரும்பான்மை ஆதரவோடு முடிவு வந்து, இவர் வேட்டி வாங்கப் போன சமயத்தில், பெண் கனடாவில் வேறொருவரைக் கட்டிவிட்டாள். "அதுவும் ஒரு கருத்துத்தானே தம்பி" என்று சொல்லி அந்த வாரம் இரண்டு பையிலும் இருந்த டொபிகளைத் தானே தின்று முடித்தார். அதன் பிறகு அவர் கலியாணம் செய்யவில்லை. ஒற்றை அறையில் இருந்தார்.

கருத்துக் கேட்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டில் வைத்துக் கேட்டால் மனிதர் யோசிப்பார், யோசித்தால் பொய் சொல்வார். ஆகவே கார் கிங்ஸ்பரி றவுண்டபவுட் என்ற வட்டச் சந்திக்குள் நுழையும் அந்தக் கணத்தில்தான் கேட்பார். "றவுண்டபவுட்டிலை பொய் சொல்ல மூளைக்கு நேரம் இல்லைத் தம்பி. வாயிலை வாறது நெஞ்சிலை கிடக்கிறது." கேட்பதற்கு இது விஞ்ஞானம் போலவே இருந்தது. நாங்களும் நம்பினோம். அந்த நேரத்தில் நாங்கள் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது லண்டனில் எங்கள் ஊர்க்காரர் நடத்திய ஊர்ச் சங்கத்துக்கு வருகிறேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சங்கம் இன்றைக்கும் என்மேல் பாயும். சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது, யாப்பு என்று ஒரு சட்டக்கோவை இருந்தது, யாப்புக்கு விளக்கம் சொல்ல நடுவர் சபை என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒருவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். மூவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனது கிடையாது. தேநீருக்குச் சீனி போடுவதா என்பதில்கூட இரண்டுக்கு ஒன்று என்றுதான் தீர்ப்பு வரும். இவர்களைச் சனம் பாதிப் பகிடியாகவும் பாதிப் பயத்தோடும் உச்ச நீதிமன்றம் என்று அழைத்தது.

மண்டபத்தில் வியாழக்கிழமை மதியம் வயது போனவர்களுக்குச் சாப்பாடு நடக்கும். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட தாய் தகப்பன்மார். பிள்ளைகள் வேலைக்குப் போனால் பூட்டிய வீட்டுக்குள் தொலைக்காட்சியோடு தனியே இருப்பவர்கள். வியாழக்கிழமைதான் அவர்கள் வாய் திறந்து நாலு சொல்லுப் பேசும் நாள். சமைப்பது மலர் அக்கா. கணவர் காலமான பிறகு ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவர், ஓய்வு நாளான வியாழனில் ஓய்வெடுக்காமல் அங்கே வந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்புத்தான் அவரையும் எழுப்பி நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் சங்கத் தலைவருக்கு அந்த மண்டபம் வேண்டியிருந்தது. தலைவர் ஜேர்மனியில் இருந்து வந்து லண்டனில் மளிகைக் கடைகள் திறந்தவர். கிங்ஸ்பரியில் பாதிச் சனம் அவருடைய கடையில் வேலை செய்தது, மீதிப் பாதி அவருடைய வீடுகளில் வாடகைக்கு இருந்தது. அவருடைய மச்சான் மணமக்கள் இருக்கும் அலங்கார மணவறைகளைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். மணவறைகளை அடுக்கி வைக்க இடமில்லை. மணவறையை மண்டபத்தில் நிரந்தரமாக அடுக்கிவிட்டால் வயது போனவர்கள் எங்கே இருப்பது என்று கேட்டதற்குத் தலைவர், "மணவறையிலை இருக்கலாம்" என்றாராம்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வியாழக்கிழமை, வயது போனவர்களுக்கென்று பொதுக்கூட்டம் ஒதுக்கிக் கொடுத்த நாள், அதைத் தலைவர் தன்பாட்டுக்கு எடுக்க முடியாது என்று இரண்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பு வந்தது. தலைவர் தீர்ப்பை எதிர்க்கவில்லை. மிகுந்த பணிவோடு, நடுவர்மாருக்கு வயது போய்விட்டது, வேலைப்பளு கூடிவிட்டது, ஆகவே மூன்று பேரை ஏழு பேராக்குவோம் என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். வருடத்தில் ஒரு வழக்கு வருகிற நீதிமன்றம் அது. புதிதாக வரும் நாலு பேரில் ஒருவர் அந்த மச்சான், மற்ற மூவர் மச்சானின் மச்சான்மார்.

அப்போதுதான் கருத்தண்ணை கவுன்சில் நூலகத்தில் எதையோ வாசித்துவிட்டுத் தலைவரின் கடைக்குப் போனார். நான் அங்கே கருவாடு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"தலைவர், அமெரிக்காவிலையும் முந்தி ஒரு சனாதிபதி உந்த வேலை பாத்தவர். தான் கொண்டுவந்த சட்டங்களை நீதவான்மார் வெட்டிப் போட்டினம் எண்டு, நீதவான்மாரின்ரை தொகையைக் கூட்டப் பாத்தவர். சனத்துக்கு அந்த ஆளிலை நல்ல விருப்பம். அள்ளி அள்ளி வோட்டுப் போட்ட சனம். ஆனா கோர்ட்டிலை கை வைக்கப் போறார் எண்ட உடனை முகத்தைத் திருப்பிப் போட்டுது."

தலைவர் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது அமெரிக்கா. எங்கடை சனம் உப்பிடி இல்லைக் காணும். நீர்தானே ஊர் முழுக்கக் கேக்கிறனீர். கேட்டுப் பாரும்."

கருத்தண்ணையின் முகம் தீபாவளி போல ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் அவர் கேட்டதெல்லாம் புட்டும் சம்பலும். இது அரசியலமைப்பு.

அடுத்த இரண்டு வாரங்கள் கிங்ஸ்பரி றவுண்டபவுட்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு மாணவரிடமும் அந்தக் கேள்வி போடப்பட்டது. என்னிடமும் போடப்பட்டது. நான் வலது பக்கம் பார்த்து, கியரை மாற்றி, இண்டிகேட்டரைத் தேடி, தேடிய இடத்தில் வைப்பர் ஆடத் தொடங்கிய நேரம் அவர் கேட்டார்: "தம்பி, நடுவர் சபையை ஏழாக்கலாமோ?" நான் "ஓம் ஓம் ஓம்" என்றேன். டொபி இடது பைக்குள் போனது.

எல்லோரும் ஓம் என்றிருந்தார்கள். இடது பை பிதுங்கியது, வலது பையில் ஒன்றும் இல்லை. தோற்ற பக்கம் என்று ஒன்று இல்லாததால் அந்த வாரம் கருத்தண்ணைக்குச் சாப்பிட டொபியும் இல்லை. அவர் மனம் வாடித்தான் போனது, அவருக்கும் வியாழக்கிழமைச் சாப்பாட்டில் ஒரு பரிவு இருந்தது. ஆனால் சனத்தின் கருத்து சனத்தின் கருத்து. போய்த் தலைவரிடம் முடிவை ஒப்படைத்தார். தலைவர் உடனே நோட்டீஸ் அடித்தார். "மக்கள் ஏகோபித்த ஆதரவு" என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு, பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

கணிப்பில் ஒரே ஒருவர் மிச்சம் இருந்தார். மலர் அக்கா. அவரும் கருத்தண்ணையிடம்தான் கார் பழகினார். பல தடவை டெஸ்டில் தவறியவர். வயது போனவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவர ஒரு வான் ஓட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய ஷிப்ட் மாறி மாறி வந்ததால் நோட்டீஸ் அடித்த பிறகுதான் லெசனுக்கு வந்தார். அவருக்கு அடுத்த லெசன் என்னுடையது, அதனால் என்னையும் வழியில் பின் சீற்றில் ஏற்றியிருந்தார்கள்.

றவுண்டபவுட் வந்தது. கருத்தண்ணை கடமை தவறவில்லை.

"அக்கா, நடுவர் சபையை ஏழாக்கலாமோ?"

கார் நின்றது. றவுண்டபவுட்டின் நடுவில், பஸ்ஸுக்கும் பால் வண்டிக்கும் முன்னால் நின்றது. மலர் அக்கா ஹாண்ட்பிரேக்கை இழுத்தார், கியரை நியூட்ரலுக்குப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார். டெஸ்டில் ஒரு நாளும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

"எடுங்கோ அக்கா, எடுங்கோ, பின்னாலை பஸ்" என்றார் கருத்தண்ணை.

"நான் ரெண்டு வேலை ஒருமிக்கச் செய்யமாட்டன் மாஸ்டர். ஒண்டில் ஓடுவன், இல்லாட்டிக் கதைப்பன். நீங்கள் கேட்டனீங்கள், நான் சொல்லவேணும்."

பின்னால் ஹோர்ன் சத்தம் கல்யாண வீட்டு மேளம் போல எழுந்தது. அக்கா திரும்பவில்லை.

"செல்லத்துரை ஐயா கிழமை முழுக்க ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. மகன் வேலை, மருமகள் வேலை, பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது. வியாழக்கிழமை வந்து இருந்தால், ‘பிள்ளை, இண்டைக்குக் கத்தரிக்காயோ?’ எண்டு கேப்பார். அந்த ஒரு கேள்விக்காக அந்த மனுசன் ரெண்டு பஸ் மாறி வாறார். அவரைப் போய் மணவறையிலை இருக்கச் சொல்லுறியளோ? எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். இப்ப எடுக்கிறன்."

எடுத்தார். கார் நின்றுபோகாமல், குலுங்காமல், மெத்தென்று போனது.

கருத்தண்ணை ஒரு பக்கத் தெருவில் ஓரங்கட்டச் சொன்னார். மெல்லப் பின்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் ஓம் எண்டனீர். ஏன்?"

"லொறி ஒண்டு வந்தது அண்ணை."

"லொறி வந்தபடியாலோ ஓம் எண்டனீர்?"

"வேறை என்ன செய்ய? பிரேக் உங்கடை காலுக்குக் கீழையும் ஒண்டு கிடக்கு. டெஸ்டுக்கு நாள் எடுத்துத் தாறதும் நீங்கள்தான். நீங்கள் கேட்டு ஆர் இல்லை எண்டவை?"

அவர் குனிந்து தன்னுடைய காலடியைப் பார்த்தார். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். தன் வாழ்நாளின் கணிப்புகள் எல்லாம், புட்டும் சம்பலும் உட்பட, ஒரே கணத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்ட மனிதரின் பார்வை அது. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மறுநாள் தொடக்கம் இரண்டாவது கணிப்பு. காரை ஓரமாக நிறுத்துவார், எஞ்சினை அணைப்பார், கார்த் திறப்பைக் கழற்றி மாணவரின் கையில் கொடுப்பார். பிறகு தான் இறங்கி, நடைபாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தோளுக்கு மேலால் கேட்பார். நடைபாதையில் போன வெள்ளைக்கார மனிசி ஒருத்தி இவர் ஏதோ தண்டனை அனுபவிக்கிறார் என்று நினைத்து, "ஆர் யூ ஓல்ரைட், லவ்?" என்று கேட்டதாகவும் கேள்வி. முடிவு தலைகீழாக வந்தது. வலது பை பிதுங்கியது, இடது பை காலி.

அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார். தலைவர் கேட்கவில்லை.

"முதல் முடிவை நோட்டீசிலை அடிச்சாச்சுக் காணும். ஜேர்மனியிலை அச்சடிச்சதை மாத்தமாட்டாங்கள்."

"அது பிழையான கணிப்பு, தலைவர். சனம் பயத்திலை சொன்னது."

"பயத்திலை சொன்னாலும் ஓம், ஓம்தானே."

பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் உச்ச நீதிமன்றம் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். மலர் அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். தலைவர் மேடையில் ஏறி, மக்களின் ஏகோபித்த ஆதரவைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, கை தூக்கச் சொன்னார்.

கருத்தண்ணை எழும்பினார். ஆயிரம் பேரைத் தனித்தனியாகக் கேள்வி கேட்டவர், நாலு பேருக்கு முன்னால் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"அந்தக் கணிப்பு என்ர. அது பிழை. ஓடுற காருக்குள்ளை கேட்டது. பிரேக் என்ர காலடியிலை கிடந்தது. ஆரும் என்னை மறுத்துச் சொல்ல ஏலாத இடத்திலை வைச்சுக் கேட்டுப்போட்டு, சனத்தின்ரை கருத்து எண்டு கொண்டுவந்து தந்திட்டன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர் உட்காரவில்லை.

"இப்ப இஞ்சையும் அதே மாதிரித்தான். தலைவர் மேடையிலை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தால், பிரேக் அவரின்ரை காலடியிலை. இதிலை பாதிப்பேர் அவரின்ரை கடையிலை வேலை, பாதிப்பேர் அவரின்ரை வீட்டிலை குடியிருப்பு. தலைவர் சுவர்ப்பக்கம் திரும்பி நிக்கட்டும். சனம் கை தூக்கட்டும். பெரியவை மூண்டு பேரும் எண்ணட்டும்."

தலைவர் சிரித்தார். நோட்டீசை அவ்வளவு நம்பியிருந்தார். "அதுக்கென்ன, திரும்பிறன்" என்று பெருந்தன்மையோடு சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

"ஏழாக்க விரும்பிறவை" என்றார் தலைமை ஆசிரியர். மச்சான் கை தூக்கினார். மச்சானின் மச்சான்மார் கை தூக்கினார்கள். அவ்வளவுதான்.

"விரும்பாதவை."

கைகள் எழுந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து கிலுக்கென்று ஒரு வளையல் சத்தம் கேட்டது. தலைவரின் மனைவி கை தூக்கியிருந்தார். கூடுதலாக வளையல் போடுகிறவர் அவர்தான். தலைவர் திரும்பவில்லை, ஆனால் அவருடைய தோள் கொஞ்சம் கீழே இறங்கியதை மண்டபம் முழுவதும் பார்த்தது.

"எத்தினை?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

நடுவர்மார் மூவரும் மூன்று எண்ணிக்கை சொன்னார்கள். மூன்றிலும் அவர் தோற்றிருந்தார்.

வியாழக்கிழமை பிழைத்தது. கருத்தண்ணைதான் கொஞ்சம் அடிபட்டுப் போனார். தலைவரின் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவருடைய விளம்பர அட்டை மறுநாளே காணாமல் போனது. கடை வழியாக வருகிற மாணவர்கள் குறைந்தார்கள். வியாழக்கிழமைகளில் அவருக்கு ஒரு லெசனும் இல்லாமல் போனது. அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் முறையிடவில்லை, மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார்.

ஒரு வியாழன் மலர் அக்கா வெளியே போய் அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். நான் அன்றைக்குப் பாத்திரம் தூக்க உதவிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தச் சாப்பாடு அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மட்டும் என்று யாப்பில் இருக்கிறது. கருத்தண்ணைக்கு ஐம்பதும் ஆகவில்லை. யாப்பை மீற முடியாது என்று தபாலதிபர் சொல்ல, உச்ச நீதிமன்றம் சாம்பார் வாளிக்குப் பக்கத்திலேயே கூடியது.

தலைமை ஆசிரியர் விசாரித்தார்: "தம்பி, வியாழக்கிழமை மத்தியானத்திலை என்ன சாப்பிடுறனீர்?"

"பாண் ஐயா."

"எங்கை இருந்து?"

"காருக்குள்ளை இருந்து."

"ஆரோடை?"

கருத்தண்ணை ஒரு பெயரைத் தேடுகிறவர் போல இரண்டு சட்டைப் பைகளையும் தடவிப் பார்த்தார்.

மூவரும் தனியே போய்க் கலந்து பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு நிலைய அதிபர் தீர்ப்பைச் சொன்னார்: "இவர் வயது போனவர் எண்டு இந்தச் சபை கருதுது." மூன்றுக்குப் பூச்சியம். அந்த நீதிமன்றத்தின் சரித்திரத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தீர்ப்பு வந்ததில்லை. செல்லத்துரை ஐயா தன் பக்கத்துக் கதிரையை இழுத்து விட்டு, "இரும் பிள்ளை, இண்டைக்குக் கத்தரிக்காய்" என்றார்.

பழகிய காலம் முழுவதும் எத்தனையோ விஷயங்களுக்கு என்னிடம் கருத்துக் கேட்ட மனிதர், தன்னைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: எனக்கு உங்களிலை நல்ல விருப்பம், அண்ணை.